சந்தாபுராவில் சடுகுடு ஆட இடம் உண்டா?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இருக்கிறது சந்தாபுரா. பக்கத்திலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி ஜிகினி. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் இங்கே ஏராளம். லேத்து, பிரஸ், பேக்கிங், தையல், காவல், கணக்கு என்று எல்லா வேலையிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் ஊரில் சடுகுடு ஆடியவர்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஊர் மந்தையில் கோடு கிழித்து, மூச்சடக்கிப் பாடிப் போனவர்கள். இங்கே வந்த பிறகு அந்த ஆட்டம் என்ன ஆனது? பெரும்பாலும் செல்போனில் பார்க்கிற ஆட்டமாகிவிட்டது.

உடம்பில் பலம் இல்லையா? ஆசை இல்லையா? இரண்டும் இருக்கின்றன. இல்லாதவை வேறு இரண்டு. ஒன்று, கால் ஊன்ற நிலம். மற்றொன்று, ஓய்வான ஒரு மாலை நேரம். இவை இரண்டும் தனி மனிதனின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. சட்டமும் நகரத் திட்டமும் தீர்மானிக்கிற விஷயங்கள் இவை.

ஆட்டத்துக்கு மவுசு

கபடிக்கு இன்று மவுசு குறையவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் போது காட்சி விளையாட்டாக ஆடிக் காட்டப்பட்ட ஆட்டம் இது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் அதை வீட்டுக்கு வீடு கொண்டு போயிற்று. பெங்களூர் அணி 2019 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் குஜராத்தை வென்று கோப்பையைப் பெற்றது. 2017-ல் தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி வந்து சேர்ந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியச் சிறுவர், சிறுமியர் அணிகள் இரண்டும் கபடியில் தங்கம் வென்றன. அதில் ஆடியவர்கள் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்ச ரூபாய் பரிசு கொடுத்தது.

கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம்? சென்னையின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளைக் குடியேற்றிய பகுதி. அங்கே இருப்பவர்களும் ஒரு வகையில் இடம் பெயர்ந்தவர்கள்தான். அவர்களுக்கு ஆடுவதற்கு ஓர் இடமும், பழக்குவதற்கு ஆளும் கிடைத்தார்கள். பலன் பஹ்ரைனில் தெரிந்தது. சந்தாபுராவில் வளரும் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

பிழைக்கப் போனவர்கள் கொண்டு போனவை

வேலை தேடிப் போகிறவன் தன் ஊர் ஆட்டத்தையும் உடன் கொண்டு போவது உலக வழக்கம். ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு அருகே உல்லிச் ஆயுதத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் டேவிட் டான்ஸ்கின். 1886-ல் அவரும் சக தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஆர்சனல். அதற்கு முன்பே 1878-ல் மான்செஸ்டரில் ரயில் பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த அணி, பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று.

பஞ்சாபியர் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போனபோது வட்டக் கபடியைக் கொண்டு போனார்கள். 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் கபடி உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. ஃபவுண்டரியிலும் மில்லிலும் வேலை செய்யப் போனவர்கள் போட்ட விதை அது.

அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரிலேயே உதாரணம் இருக்கிறது. கண்டோன்மென்ட் பகுதியில் குடியேறிய தமிழர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்த்துக் கால்பந்து பழகினார்கள். ராணுவ மைதானங்கள் அருகில் இருந்தன. ஆஸ்டின் டவுன், கௌதமபுரா என்ற பெயர்களைக் கேட்டால் இன்றும் கால்பந்துதான் நினைவுக்கு வரும். கௌதமபுராவில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 2-1 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன்.

பின்னால் வந்த பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. எச்.ஏ.எல். 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், எச்.எம்.டி. 1953-லும், பி.இ.எல். 1954-லும் தொடங்கப்பட்டவை. தொழிற்சாலையோடு குடியிருப்பும், குடியிருப்போடு மைதானமும் வந்தன. ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்து அணியும் வைத்திருந்தார்கள். ரயில்வேயில் 1928-லேயே விளையாட்டு வளர்ச்சிக்கென்று தனி வாரியம் ஏற்பட்டது. இன்றும் தேசியப் பெண்கள் கபடியில் ரயில்வே அணி என்றால் மற்ற அணிகளுக்குப் பயம்தான்.

சந்தாபுரா வட்டாரத்தின் கதை வேறு. இங்கே தொழிற்சாலை வந்தது. குடியிருப்பை அவரவர் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு அறையில் நாலு பேர், ஐந்து பேர் தங்குகிறார்கள். காண்டிராக்ட் தொழிலாளிக்குக் கம்பெனியே சொந்தமில்லை. கம்பெனி அணி எங்கிருந்து வரும்?

இரண்டு மனை போதும்

சடுகுடுவுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அடிக்கணக்கில் சொன்னால் சுமார் 43-க்கு 33. பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு முப்பதுக்கு நாற்பது மனை. அதில் ஒன்று போதாது. இரண்டு மனை சேர்ந்தால் களமும் அடங்கும், சுற்றி நிற்க இடமும் கிடைக்கும். பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர். ஒரே மனைக்குள் நெருக்கிப் பிடித்து அடங்கிவிடும். கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் ஆட ஒரு மனை அளவு இடம் போதும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், பூட்ஸ் வேண்டாம். ஓர் ஆட்டம் நாற்பது நிமிடம். இடைவேளையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் பதினாலு பேர் ஆடி முடிக்கலாம். தொழிலாளிக்கு இதைவிடச் சிக்கனமான ஆட்டம் கிடையாது.

ஆனால் அந்த இரண்டு மனையும் நாளுக்கு நாள் அரிதாகி வருகின்றன. 2025 ஆகஸ்ட் 11 முதல் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஹீலலிகே ரயில் நிலையத்திலிருந்து ராஜானுகுண்டே வரை புறநகர் ரயில் பாதைத் திட்டமும் இருக்கிறது. போக்குவரத்து வசதி நல்லதுதான். ஆனால் ரயில் வருகிற இடத்தில் மனை விலையும் ஏறும். இன்று காலியாகக் கிடக்கும் மனையில் நாளை நாலு மாடி எழும்பும்.

பொது நிலத்தின் கதியும் தெரிந்ததே. சந்தாபுரா ஏரியை மாசுபட விட்டதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது. ஊருக்குப் பொதுவான ஏரி கெட்டால் தண்ணீர் மட்டுமா போகிறது? மாலையில் நாலு பேர் கூடும் கரையும் போய்விடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி ஆகியவற்றைக் காப்பதற்கென்றே கர்நாடகத்தில் 1985-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வரைபடத்தில் மைதானம் என்று குறித்த இடத்தைத்தான் சட்டம் காக்க முடியும். குறிக்கவே இல்லை என்றால் காப்பது எதை? விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்ற இடங்களில் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நேரம் யார் கையில்?

இங்கிலாந்தில் கால்பந்து ஏன் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கம் வந்தது? 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் அதற்கு ஒரு காரணம். பஞ்சாலைகளில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. எனவே ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. அரைநாள் விடுமுறை பரவிய பிறகுதான் தொழிலாளியின் ஆட்டம் வளர்ந்தது.

இங்கே காற்று எதிர்ப் பக்கம் அடிக்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள், ஒரு நாளில் 12 மணி வரை வேலை வாங்கலாம் என்று வழி விடப்பட்டது. மூன்று மாதத்துக்கு 75 மணி என்றிருந்த ஓவர்டைம் வரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் இது போன்ற மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி என்றாயிற்று.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அவற்றில் அடங்கிவிட்டது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். கூலி இரட்டிப்பாகத் தர வேண்டும். இவை புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்கிறது. விளையாட இடம் வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்குச் சொல்லவில்லை. பழைய சட்டமும் சொன்னதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தேயிலை, காப்பித் தோட்டங்களில் பொழுதுபோக்கு வசதி செய்து தர முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. மலையில் கொழுந்து கிள்ளுகிறவருக்கு ஓய்வும் ஆட்டமும் தேவை என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள். பிரஸ் மெஷினில் நிற்கிறவருக்கு மட்டும் தேவையில்லையா?

கையில் பணம் வேண்டும் என்று தொழிலாளியே ஓவர்டைம் கேட்டு வாங்குவதும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கை கல்யாணக் கடன் இருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையையும் விற்றுவிட்டால், முப்பது வயதிலேயே முதுகு வலியும் முழங்கால் வலியும் வந்து நிற்கும். வாங்கிய ஓவர்டைம் மருந்துக்குப் போகும்.

கால் பிசகினால்?

ஆட்டத்தில் இறங்கத் தயங்குவோர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "காலை ஒடித்துக்கொண்டால் சம்பளம் யார் தருவார்?" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு, வேலைக்கு வெளியே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான 90 சதவீத உதவித் தொகை கிடைக்காது. ஆனால் நோய்க்கால உதவித் தொகை கிடைக்கும். சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது.

காண்டிராக்டர் சந்தா கட்டவில்லை என்றால் கம்பெனி கை கழுவ முடியாது. முதலில் பொறுப்பு முதன்மை முதலாளிக்குத்தான். பொம்மசந்திராவில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2024 அக்டோபர் 29-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது எழும்பி நிற்கும்போது இந்த வட்டாரத் தொழிலாளிக்கு அலைச்சல் குறையும். அதுவரை தன் இ.எஸ்.ஐ. எண் நடப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு மொழிக்கும் ஒரே ஆட்டம்

தமிழன் மட்டும் ஆடுகிற ஆட்டமல்ல கபடி. கன்னட கிராமங்களிலும் இதே ஆட்டம்தான், பெயரும் அதேதான். கர்நாடகத்தின் பி.சி. ரமேஷ் 2001-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். பின்னர் பயிற்சியாளராகவும் கோப்பை வென்று கொடுத்தவர். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணான மமதா பூஜாரி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். ரயில்வே வேலை அவரைச் செகந்திராபாத்துக்கு அழைத்துப் போயிற்று. பிழைப்புக்காக வெளி மாநிலம் போவது தமிழனுக்கு மட்டும் எழுதிய விதியல்ல.

காவிரிப் பிரச்சினை வெடித்த 1991 டிசம்பரிலும், 2016 செப்டம்பரிலும் பெங்களூர்த் தமிழர்கள் அச்சத்தோடு நாட்களைக் கழித்தார்கள். 2018-ல் அதே பிரச்சினையால் சென்னையில் நடக்க இருந்த ஐ.பி.எல். ஆட்டங்கள் புனேக்குப் போயின. பெரிய ஆட்டங்கள் அரசியல் காற்றில் ஆடும். 2009 ஆகஸ்டில் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும், சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டபோது மனக் கசப்பு கொஞ்சம் குறைந்ததும் உண்டு.

சிலை செய்கிற வேலையைச் சின்ன மைதானமும் செய்யும். ஒருவன் பாடிப் போகும்போது, எதிரே சங்கிலி பிடித்து நிற்கும் இருவரில் ஒருவன் தமிழன், ஒருவன் கன்னடன் என்றால், ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒன்றாக டீக் குடிப்பார்கள். நாளைக்கு ஒரு கலவரப் பேச்சு வந்தால், தெருவில் முகம் தெரிந்த ஒருவன் இருப்பான். அதனால் தமிழர் அணி என்று தனியாக ஒதுங்காமல், தெரு அணியாக, ஷிப்டு அணியாக ஆடுவதே புத்திசாலித்தனம்.

சிங்கப்பூர் காட்டும் பாடம்

2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். பெரும் கலவரம் மூண்டது. அதன் பிறகு அந்த அரசு தொழிலாளர் விடுதிகளைப் பற்றியும் ஓய்வு நேரத்தைப் பற்றியும் கூடுதலாக யோசித்தது. ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2015-ல் சட்டம் இயற்றியது. மைதானத்தோடு கூடிய பொழுதுபோக்கு மையங்கள் அங்கே தொழிலாளருக்கென்றே இருக்கின்றன. கத்தாரில் தோஹாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் கிரிக்கெட் ஸ்டேடியமே கட்டினார்கள்.

இதில் குறையும் உண்டு. தொழிலாளியை நகரத்தின் கண்ணில் படாமல் ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைக்கவும் இது பயன்படுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. சந்தாபுராவில் அந்த ஆபத்து இல்லை. இங்கே தொழிலாளி இந்த நாட்டுப் பிரஜை; ஊருக்கு நடுவே குடியிருப்பவன். அவனுக்குத் தனி மைதானம் தேவையில்லை. ஊர் மைதானத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

யாரிடம் கேட்பது?

முதலில் புரசபை. மைதானம், பூங்கா என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடங்கள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம். கன்னடத்தில் மனு எழுதத் தெரிந்த கிளார்க்குகள் நம்மவர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் எழுத, கன்னடத் தொழிலாளிகளும் கையெழுத்திட்டால் மனுவுக்குத் தனி பலம்.

அடுத்து கம்பெனிகள். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஊராருக்கும் பொதுவான கபடிக் களம் என்று கேட்டால்தான் கம்பெனி காது கொடுக்கும். மண் களமும் இரண்டு விளக்குக் கம்பமும் பெரிய செலவல்ல.

நம் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். குடித்துவிட்டு வருகிறவனைக் கோட்டுக்குள் விடக் கூடாது. பந்தயப் பணம் கட்டக் கூடாது. அடுத்த வீட்டில் இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவன் இருப்பான். கூச்சலுக்கும் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சண்டை வந்தால் போதும், கிடைத்த இடமும் பூட்டப்படும்.

மெட்ரோ வந்துவிட்டது. புறநகர் ரயிலும் வரப்போகிறது. நிலத்துக்கு விலை ஏறிய பிறகு மைதானம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். இரண்டு மனை அளவு இடம் காலியாக இருக்கும்போதே கேட்க வேண்டும். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் சந்தாபுராவிலேயே கோடு கிழித்து ஆட ஓர் இடம் இருக்க வேண்டும் என்றால், மனு எழுத இதுவே நேரம்.